விதானையார் கூப்பிடாத பேர்கள்

அத்தியாயம் பதினேழு

சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்தால் குசினிக்குள் சட்டி பானைதான் முதலில் சத்தம் போடும். அது முதல் அத்தியாயத்திலிருந்து நம்மோடு வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் கதவைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்: தென்மராட்சியில், சாவகச்சேரியிலிருந்து உள்ளே தள்ளி, குளத்தடி ஒழுங்கை என்கிற சின்னத் தெருவின் முகப்பில் புதுவீடு கட்டியிருக்கும் வயல் செய்கிற கமக்காரர் கதிரவேலுவின் மனைவி அவள். மூத்தவன் கோகுலன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கி, கம்பசில் கணினி படிக்கிறான். இளையவள் கோபிகா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினொராம் வகுப்பு.

விதானையாரையும் சொல்லிவிட வேண்டும். பத்திரங்களில் கையெழுத்து வைக்கிற நிச விதானையார், அதாவது கிராம சேவகர், வேறு. இவர் பள்ளிக்கூடத்து றோபோ. சப்பாத்துப் பெட்டியளவு உடம்பு, நாலு சில்லு, சோடாப் போத்தல் மூடியில் இரண்டு கண். ஊரிலே எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கிறவர் என்பதால் பிள்ளைகள் அந்தப் பேரை வைத்தார்கள்.

பாடத்துக்கென்று வகுப்புக்கு வந்த றோபோதான். கோபிகாவும் அவளுடைய உயிர்த்தோழி நிவேதனாவும் மேர்சி ரீச்சரைப் பிடித்து அதை வேறு வேலைக்குத் திருப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் மலசலகூடம் கழுவுவதும் முற்றம் கூட்டுவதும் எப்போதும் ஒரே பிள்ளைகள். பூக் கட்டுவதும் விருந்தாளிகளுக்குத் தட்டு ஏந்துவதும் எப்போதும் வேறு பிள்ளைகள். ஏன் என்று எவரும் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை. அதை மாற்றுவதென்று இரண்டு பெட்டைகளும் முடிவெடுத்தார்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரைத் தன் குரலிலேயே றோபோவுக்குள் பதிந்து வைத்தது. பள்ளிக்கூடப் பதிவிலிருந்த விலாசமும் கூடவே ஏறியது. தலையில் தட்டினால் விதானையார் ஒரு சுற்றுச் சுற்றி, வேலையைச் சொல்லி, எழுந்தமானமாக, குலுக்கல் சீட்டு எடுக்கிற மாதிரி, ஒரு குரலை எடுத்துவிடுவார். யாருடைய குரல் வருகிறதோ அவருக்கு அந்த வேலை. முகம் பார்க்கிற பேச்சே இல்லை. இந்தத் தவணை முழுக்க அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூட அதிபரின் மகனுக்கு மலசலகூடம் விழுந்த கிழமைதான் அங்கே புது வாளியும் கதவுக்குக் கொண்டியும் வந்து சேர்ந்தன. அதுவரைக்கும் அந்தக் கதவுக்குக் கொண்டி வேண்டும் என்பது பெரியவர்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை!

போன கிழமை விதானையார் பற்றரி மாற்றவென்று கோபிகாவோடு வீட்டுக்கு வந்தார். கோகுலன் அதை விறாந்தையில் வைத்து லப்டொப்பில் கொழுவித் தட்டிக்கொண்டிருந்தான். கதிரவேலு பக்கத்தில் கதிரை போட்டிருந்து அவனோடு மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்து தேத்தண்ணி கொண்டுபோனபோது இரண்டு பேரும் கதையை நிப்பாட்டினார்கள். தகப்பனும் மகனும் இந்தளவுக்கு ஒற்றுமையாகிவிட்டார்களே என்று மனதுக்குள் சந்தோசப்பட்ட மடைச்சி அவள்.

அந்தச் சந்தோசத்தின் வண்டவாளம் இன்றைக்குத் தெரிந்தது.

நாளைக்கு விஜயதசமி. பள்ளிக்கூடத்து வாணி விழாவின் கடைசி நாள். முற்றத்தில் பெரிய பொங்கல், பிறகு எல்லாருக்கும் பந்தி. பொங்குகிற கிடாரம் வருடாவருடம் கதிரவேலு வீட்டிலிருந்துதான் போகும். அது அவருக்கு ஒரு பெருமை. யார் பொங்குவது, யார் பரிமாறுவது, யார் கூட்டுவது என்பதை இந்த முறை விதானையார்தான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். அதிபரும் ஓமென்றுவிட்டார். காலையில் தாய்தகப்பன்மாரை மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

நிவேதனாவுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுதான் கடைசி வாணி விழா. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு விழாவுக்கும் அவள் கையில் விளக்குமாறுதான் இருந்தது. ஒருக்காலெண்டாலும் பந்தியில் பரிமாறவேணும் என்று கோபிகாவிடம் சொல்லியிருந்தாள். "விதானையார் ஆரையும் பாக்கமாட்டாரடி, உனக்கும் வரும்," என்று கோபிகா கையடித்துக் கொடுத்திருந்தாள். இது சிவக்கொழுந்துக்கும் தெரியும். வீட்டில் வேறு கதையே இல்லாமல் இதையேதானே மகள் கதைத்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக்குள் காற்றாடி சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை. கதிரவேலு கஞ்சி போட்ட வேட்டியோடு முன்வாங்கில் இருந்தார். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் அவர் கை தூக்காமல் ஒன்றும் நடவாது. "இந்த முறை எல்லாம் ஒழுங்காய் நடக்கும், பாருங்கோவன்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது பின்வாங்கிலிருந்த சிவக்கொழுந்துக்கும் கேட்டது. விடுமுறைக்கு வந்திருந்த கோகுலன் யன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள் தவமலர். நிவேதனாவின் தாய், அதே ஒழுங்கையின் உள்பக்கத்துக்காரி. சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறி விற்கிறவள். பின்வாங்கில் இடமிருந்தும் அவள் இருக்கவில்லை. யாரும் இருக்கச் சொல்லவுமில்லை.

கோபிகா றோபோவின் தலையில் தட்டினாள். விதானையார் கிறீச்சென்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பொங்கல் பானை," என்றது கோபிகாவின் பதிந்த குரல். அதற்குப் பின்னால் ஒரு பொடியன்: "நான் கனிசியஸ், பத்தாம் வகுப்பு."

மண்டபம் சிரித்தது. கனிசியஸ் வேதக்காரப் பொடியன், சேர்ச்சுப் பாட்டுக்குழுவில் பாடுகிறவன். வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பி நின்றான். கதிரவேலுவே கைதட்டினார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கனிசியஸ் பொங்குவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் பானைக்கு ஆட்கள் முடிந்தார்கள். பரிமாறுவதற்கும் முடிந்தார்கள். நிவேதனாவின் குரல் வரவில்லை. அவள் இரண்டு கையையும் மடிக்குள் கோத்து வைத்திருந்தாள். பூக் கட்டுவது, விளக்கு மினுக்குவது, கோலம். வரவில்லை.

"முற்றம் கூட்டல்," என்றார் விதானையார்.

"நான் நிருஷன், பதினொராம் வகுப்பு." அடுத்தது நிருஷனின் தங்கை. அதற்கடுத்தது அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை. பிறகு, "நான் நிவேதனா, பதினொராம் வகுப்பு."

நிவேதனா எழும்பினாள். அழவில்லை. றோபோவைப் பார்த்தபடி எழும்பி நின்றாள்.

"மலசலகூடம்," என்றார் விதானையார். "நான் கோபிகா, பதினொராம் வகுப்பு."

கோபிகா சிரித்தாள். "எனக்குக் கக்கூசாம்!" என்று தோழியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஏற்கெனவே இரண்டு தரம் கழுவியவள்.

முன்வாங்கில் கதிரவேலு துள்ளி எழும்பினார்.

"நிப்பாட்டுங்கோ! உதென்ன கூத்து?"

மேர்சி ரீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஐயா?"

"உது பிழை. என்ரை பிள்ளை உதுக்குள்ளை வராது."

"விதானையார் எழுந்தமானமாய்த்தானே கூப்பிடுறார். அதிபரின்ரை மகனும் கழுவினவர்தானே."

"கழுவுறதைப் பற்றி நான் கதைக்கேல்லை ரீச்சர். உந்தப் பிள்ளையளோடை சேர்த்து என்ரை பிள்ளையையும் கூப்பிடுறதெண்டால் என்ன அர்த்தம்? எங்களையும் அவையளையும் ஒண்டாய்ச் சேர்க்கிறதோ?"

"எவையளையும்?"

ரீச்சர் அதைக் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். ஆனால் அந்த ஊரில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. கண்ணால் சொல்லி, நாடியால் சொல்லி, 'அந்தப் பக்கம்' என்று கையைக் காட்டி முடித்துவிடுகிற விஷயம். அதை வாய் திறந்து சொல்லு என்றால் யார் சொல்வது? கதிரவேலுவின் வாய் திறந்தது, மூடியது. முழு மண்டபமும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அவமானப்பட்டால் யார் தலையிலாவது அதைக் கொட்டிவிடுகிற ஆள். யன்னல் பக்கம் திரும்பினார்.

"டேய் கோகுலன்! நான் உனக்கு என்ன சொன்னனான், நீ என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

போனை வைத்துக்கொண்டு நின்ற கோகுலன் வெலவெலத்துப் போனான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும் அவனுக்கும் ரோசம் வந்துவிட்டது.

"நீங்கள்தானே அப்பா, குளத்தடிப் பிள்ளையளைப் பொங்கல் பக்கம் வரவிடாதை எண்டனியள். விலாசத்திலை குளத்தடி ஒழுங்கை எண்டு இருக்கிற எல்லாரையும் நான் பொங்கல் வேலையளிலையிருந்து எடுத்துவிட்டனான். எங்கடை விலாசமும் அதுதானே."

"நாங்கள் முகப்பிலை இருக்கிறமடா, விசரா!"

"அது றோபோவுக்குத் தெரியாதே!"

பின்னால் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே செத்துப்போனது. என்ன நடந்திருக்கிறது என்பது ஒவ்வொரு வாங்காக விளங்கிக்கொண்டு வந்தது. மேர்சி ரீச்சர் கையிலிருந்த மைக்கை மேசையில் வைத்தார். கோபிகா தமையனைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், பிறகு தன் கையால் தட்டிய றோபோவைப் பார்த்தாள்.

சிவக்கொழுந்துக்கு உச்சந்தலையில் நெருப்புப் பற்றினது போலிருந்தது. தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுத்தாளே! சீனி போதுமோ என்று வேறு கேட்டாளே! பழம்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினாள்.

"ரீச்சர் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"நீ இரு."

"இருக்கமாட்டன். எவையளெண்டு சொல்லுங்கோவன். சாதி எண்டு சொல்ல வாய் கூசுதோ? விறாந்தையிலை பிள்ளைக்கு ஓதேக்கை கூசேல்லையோ?"

அந்தச் சொல்லை அந்த மண்டபத்தில் பகிரங்கமாக ஒரு பொம்பிளை சொல்லி யாரும் கேட்டதில்லை. இரண்டு பேர் எழும்பி வெளியே போனார்கள். ஒருத்தர் இருமினார். மேடையிலிருந்த அதிபர் வேர்வையைத் துடைத்தார். நல்ல மனுசன்தான், ஆனால் வேலி எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சே விடுவார்.

"எல்லாரும் அமைதியாய் இருங்கோ. பிரச்சினை வேண்டாம். இந்த வருசம் பொங்கல் இல்லை. சாவகச்சேரியிலை அவல் பக்கற் ஓடர் பண்ணுவம். பிள்ளையள் பூசை முடிய ஆளுக்கொரு பக்கற் எடுத்துக்கொண்டு வீட்டை போகலாம். அந்த றோபோவைக் கொண்டுவந்து என்ரை அலுமாரிக்குள்ளை வையுங்கோ. உந்தச் சாமானாலைதான் இவ்வளவும்."

சாமானாலையாம்! பெரியவர்கள் இரகசியமாகச் செய்த கேவலத்தை உரத்துச் சொன்னது மட்டும்தான் அது செய்த குற்றம். அதற்குச் சிறை. பிள்ளைகளுக்கு அவல் பக்கற். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. அதிபரின் தீர்ப்பைக் கேட்டு முன்வாங்கில் நாலைந்து தலை நிம்மதியாக ஆடியதைச் சிவக்கொழுந்து பார்த்தாள்.

சைக்கிள்கள் விடுகிற கொட்டிலடியில் கோபிகா நிவேதனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவக்கொழுந்து கிட்டப் போகாமல் மறைவில் நின்றாள்.

"சத்தியமாய் எனக்குத் தெரியாதடி, நிவே."

"உனக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்."

"பேந்து ஏன் கதைக்கமாட்டனெண்டிறாய்?"

நிவேதனா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "உனக்கு ஒருக்கால் விழுந்தோடனை உன்ரை அப்பா துள்ளி எழும்பினார். எனக்கு ஆறாம் வகுப்பிலையிருந்து விளக்குமாறு. ஆர் எழும்பினது? சொல்லு. ரீச்சர்மார் எழும்பினவையோ? உன்ரை அம்மா எழும்பினவவோ?"

கோபிகா திரும்பவும் அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள்.

"என்ரை குரலை அதிலையிருந்து அழிச்சுவிடு," என்றாள் நிவேதனா. வாசலில் காத்துக்கொண்டு நின்ற தாயோடு சேர்ந்து நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கோபிகா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கதிரவேலு சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். குசினியில் சட்டி பானை ஒன்றும் சத்தம் போடவில்லை. அதுதான் கோகுலனைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். அவனே தேடிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தான்.

"அம்மா, என்னோடை கோவமோ?"

அவள் திரும்பவில்லை.

"எனக்கு உந்தச் சாதி கீதியிலை நம்பிக்கை இல்லையம்மா. கம்பசிலை நாங்கள் எல்லாரும் ஒரே கோப்பையிலை சாப்பிடுறனாங்கள்."

"நம்பிக்கை இல்லாதவன் ஏன்ரா செய்தனி?"

"அப்பா கேட்டார். அஞ்சு நிமிச வேலை. சண்டை பிடிச்சுக்கொண்டிருக்கப் பஞ்சியாய் இருந்தது."

அப்போதுதான் சிவக்கொழுந்து திரும்பினாள். பெற்ற பிள்ளையை அடிக்கக் கை ஓங்கி எத்தனையோ வருடம். இன்றைக்குக் கை தானாகவே ஓங்கியது. பிறகு இறங்கிவிட்டது.

"கோதாரியில போவானே! உன்ரை அப்பர் அதை நம்பிறார். அவரோடை நான் சண்டை பிடிக்கலாம். நீ நம்பாமலே செய்திருக்கிறாய். பஞ்சியிலை, சோம்பலிலை செய்திருக்கிறாய். உன்னோடை நான் என்னெண்டடா சண்டை பிடிக்கிறது?"

கோகுலனின் முகம் கறுத்துப்போனது. நல்லாகக் கறுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விறாந்தையிலிருந்து கதிரவேலுவின் குரல் வந்தது. "தாயும் மேளுமாய்ச் சந்தி சிரிக்க வைச்சிட்டியள். நாளைக்கு ஊர்ச் சனத்தின்ரை முகத்திலை நான் என்னெண்டு முழிக்கிறது?"

"கண்ணாலைதான் முழியுங்கோ. இவ்வளவு நாளும் எல்லாத்தையும் கண்ணாலைதானே கதைச்சனியள்!"

சொல்லிவிட்டு நேரே களஞ்சிய அறைக்குப் போனாள். கிடாரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சைக்கிள் கரியரில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினாள். கதிரவேலு எழும்பி வந்து படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்கை கொண்டு போறாய்?"

"பொங்கப் போறன்."

"எங்கை?"

"குளத்தடியிலை. எங்கடை விலாசத்திலைதான். தள்ளுங்கோ."

அவர் தள்ளவில்லை. அவள் சைக்கிளை அவருடைய காலடி மட்டும் உருட்டிக்கொண்டு வந்தாள். முன்சில்லு வேட்டியில் படப் போகிறது என்றதும் விலகிவிட்டார். கஞ்சி போட்ட வேட்டியல்லவா.

குளத்தடி ஒழுங்கை முகப்பில் தாருடனும் உள்ளே போகப் போக மணலுடனும் இருந்தது. அபிவிருத்தி தார் போட்டுக்கொண்டு வந்து, கதிரவேலு வீட்டு மதில் முடிகிற இடத்தில் நின்றுவிட்டது. மணலுக்குள் சில்லு புதைந்தது. பின்நேர வெயில் முதுகில் அடித்தது. கிடாரம் ஆடி ஆடி டங்கு டங்கென்று அடித்ததில் இரண்டு பக்கமும் வேலிக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும் என்றுதான் அவளும் தள்ளினாள். உடம்பு முழுக்கக் கோபம், அந்தக் கோபத்தில் ஒரு சுகமும் இருந்தது. தான் எவ்வளவு நல்லவள் என்ற சுகம்.

தவமலரின் படலையில் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது, நாக்கு வறண்டிருந்தது.

"தவமலர்!"

தவமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கிடாரத்தைப் பார்த்தாள். "என்னக்கா இது?"

"நாளைக்கு இஞ்சை பொங்குவம். உம்மடை முத்தத்திலை. பிள்ளையள் எல்லாரையும் கூப்பிடுவம். நிவேதனாதான் பானைக்கு. அவள்தான் பரிமாறவும் வேணும். ஊர் வந்து பாக்கட்டும்."

"ஊர் என்னத்துக்கக்கா பாக்க வேணும்?"

சிவக்கொழுந்து இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"உங்களுக்கு உங்கடை மனுசனோடை கோவம்," என்றாள் தவமலர். அவள் குரலிலும் கோபம்தான். ஆனால் நெடுநாள் கிடந்து இறுகிய கோபம், சத்தமில்லாதது. "நியாயமான கோவம்தான். அதைக் காட்டிறதுக்கு என்ரை முத்தமும் என்ரை பிள்ளையும் வேணுமோ? ஏற்கெனவே அவளை எல்லாருக்கும் முன்னாலை நிக்க வைச்சுப் பாத்தாச்சு. நாளைக்கும் நிக்க வைச்சுப் பாக்க வேணுமோ?"

"அப்பிடி இல்லை தவமலர். நான் உங்கடை பக்கமெல்லோ."

"எங்கடை பக்கமோ? ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. நீங்கள் இந்த ஒழுங்கைக்கு வந்து எவ்வளவு காலம்? என்ரை வீட்டிலை ஒருநாள் ஒரு மிடறு தண்ணி குடிச்சிருக்கிறியளோ?"

சிவக்கொழுந்து வாயைத் திறந்தாள். நிவேதனா பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டபோது வந்தாள்தான். சட்டைத் துணியைக் கொடுத்துவிட்டு, விரதம் என்று சொல்லிப் போய்விட்டாள். தவமலரின் மாமியார் செத்த வீட்டுக்கும் வந்தாள். படலையடியில் நின்று துக்கம் கேட்டுவிட்டு, அடுப்பில் உலை கிடக்கிறதென்று திரும்பிவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாத ஒருநாளைத் தேடித் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

மண்டபத்தில் கதிரவேலுவின் வாய் திறந்து மூடியது ஞாபகம் வந்தது. இப்போது அவளுடைய வாயும் அப்படித்தான் நின்றது.

"இப்ப தாரும்," என்றாள் கடைசியில். "தாரும் தவமலர், குடிக்கிறன்."

தவமலர் அவளை நேரே பார்த்தாள்.

"இண்டைக்குத் தரமாட்டன் அக்கா. இண்டைக்கு நீங்கள் குடிச்சால் உங்கடை மனுசனுக்கு எதிராய்த்தான் குடிப்பியள். தாகத்துக்குக் குடிக்கமாட்டியள். தாகம் வரேக்கை வாங்கோ, தாறன். கிடாரத்தைக் கொண்டு போங்கோ."

கன்னத்தில் விழுந்த அடிகூட இப்படி நோகாது. சிவக்கொழுந்துக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம்தான். நான் தேடிக்கொண்டு வந்திருக்கிறேன், இவளுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்துவிட்டாள். நினைத்த கையோடு அந்த நினைப்பு யாருடையது என்பதும் விளங்கியது. அது அச்சொட்டாகக் கதிரவேலுவின் நினைப்பு. தன் தலைக்குள் அது சாவகாசமாகக் குடியிருந்திருக்கிறது. சைக்கிளைத் திருப்பினாள்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிறீச்சென்று சில்லுச் சுற்றுகிற சத்தம். பிறகு கோபிகாவின் குரல்: "பொங்கல் பானை." அதற்குப் பின்னால், "நான் நிவேதனா, பதினொராம் வகுப்பு."

யாரோ சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பவும் கிறீச். "பரிமாறல்." "நான் நிருஷன், பதினொராம் வகுப்பு."

அதிபரின் அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருக்க வேண்டிய விதானையார் தவமலரின் வீட்டுக்குள் நின்று, காலையில் இந்த வேலைகளுக்குக் கூப்பிடாத பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தவமலரும் கேட்டாள். கேட்டுவிட்டுக் கண்ணை வெட்டாமல் சிவக்கொழுந்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அலுமாரியை யார் திறந்தது, கோகுலன் செய்து வைத்ததை யார் மாற்றியது, இனி என்ன செய்யப் போகிறார்கள், ஒன்றும் தெரியாது. சிவக்கொழுந்து கேட்கவுமில்லை.

"நான் வாறன்," என்றுமட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது கிடாரம் போகும்போது இருந்ததைவிடப் பாரமாக இருந்தது. வேலிக்கு மேலால் அதே தலைகள் பார்த்தன. வெறுங்கிடாரத்தோடு போனவள் வெறுங்கிடாரத்தோடு வருகிறாள். தாகம் தொண்டையைக் கிழித்தது.

கதிரவேலு விறாந்தையில் போனும் கையுமாக நின்றார். அவளைக் கண்டதும் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"அதிபர் கதைக்கிறார். அலுமாரி திறந்து கிடக்காம். றோபோவைக் காணேல்லையாம். அவையள்தான் எடுத்திருப்பினம்."

"எவையள்?" என்றாள் சிவக்கொழுந்து.

கதிரவேலுவின் வாய் திறந்தது. காலையில் நின்ற அதே இடத்தில் திரும்பவும் நின்றது. கோபிகா அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"பகிடி விடாதை. அதிபர் பொலிசுக்குச் சொல்லப் போறாராம். நீ அங்கைதானே போனனி. அங்கை கண்டனியோ?"

மகள் தாயின் முகத்தையே பார்த்தாள். சிவக்கொழுந்து சைக்கிளை மதிலோடு சாத்தினாள்.

"ஒண்டும் காணேல்லை."

"அப்ப அது எங்கை போனது?"

"விதானையார்தானே. எங்கையாவது விசாரணைக்குப் போயிருப்பார்."

கோபிகாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. ஒன்றும் கேட்காமல் குசினிக்குள் ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடியுங்கோ அம்மா. களைச்சுப் போனியள்."

சிவக்கொழுந்து செம்பைக் கையில் வாங்கினாள். கிணற்றுத் தண்ணீர், குளிர்ந்துபோய் இருந்தது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவள் அப்படியே இறக்கி மகளின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாம் பிள்ளை. நான் வேறை ஒரு இடத்திலை குடிக்க வேணும்."